கல்லில் ஏழாவது பெயர்

போன வாரம் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் டீக்கடையில், இப்போது வண்டியில் ஊர் சுற்றிக் காட்டும் உங்களில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, போர்க்கல்லாண்ட நீங்க ஒரு ஜோக் சொல்லுவீங்களாமே. வண்டில வந்தவங்க வயித்தப் புடிச்சிகினு சிரிப்பாங்களாமே. அத எங்களுக்கும் சொல்லிக் குடுங்கண்ணே. அந்த எடத்துல மட்டும் எங்களுக்கு இன்னா பேசறதுன்னே தெரியல.”

நான் டீயை ஒரே மடக்கில் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, மருந்து வாங்கணும் என்று பொய் சொல்லி ஓடி வந்துவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதன் அப்படி ஓடியதை அந்த பஸ் ஸ்டாண்டு பார்த்திருக்காது. ஓடி வந்தது தப்பு. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் படிப்பைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் “வெளியே போடா” என்றார். மறுபடி உள்ளே வா என்று அவர் சொல்லவே இல்லை. நானும் இன்றுவரை வெளியேதான் நிற்கிறேன். அதனால் எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். சிரிக்க வைப்பதுதானே என் பிழைப்பு.

கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு ஆட்டோ ஓட்டினேன். ஆட்டோ என்னைத் தாங்க முடியாமல் படுத்த பிறகு ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கினேன். பெங்களூரிலிருந்தும் வேலூர் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். காலையில் ஏற்றி, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் குவிந்த சயனைட் மலை, தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீடுகள், கடைசியில் சாம்பியன் ரீப்ஸில் போர்க்கல் என்று ஒரு நாள் முழுக்கச் சுற்றிக் காட்டி, சாயங்காலம் இறக்கிவிடுவேன். அந்தப் போர்க்கல் உங்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்களிடம் நாம் எப்படிச் சொல்வோமோ அப்படியே சொல்கிறேன்: உலகச் சண்டை நடந்தபோது, கடல் தாண்டி மலையைக் குடைய நம் சுரங்கத்திலிருந்து ஆட்களைக் கூட்டிப்போனார்கள். திரும்பி வராதவர்கள் பெயரை ஒரு கருங்கல்லில் செதுக்கி, தூங்குமூஞ்சி மரத்தடியில் கம்பி வேலி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முதல் நாள் அந்த வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நானும் அன்றிலிருந்து வருகிறவர்களை எல்லாம் கழற்றச் சொன்னேன். பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரர்கள் வெயிலில் முனகிக்கொண்டு கயிறு அவிழ்ப்பார்கள். ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அன்றைக்கு அவருக்குச் செருப்பு வார் அறுந்திருந்தது. இப்படித்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன். யார் எதைச் செய்தாலும் ஏன் என்று கேட்காமல் செய்வேன். யார் எதைச் சொன்னாலும் அதில் சிரிப்பு வரும் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

நீங்கள் கேட்ட ஜோக் இதுதான். எப்படிச் சொல்வேனோ அப்படியே எழுதுகிறேன்.

“தோ, மேலேர்ந்து எண்ணினு வாங்க. ஏழாவது பேரு. பெருமாள். அது எங்க தாத்தா.”

எல்லார் முகமும் தொங்கிப்போகும். பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

“பாவம், சண்டைல செத்துட்டாரு. செத்து நாப்பது வருசம் கழிச்சி என் கல்யாணத்துக்கு வந்து, பந்தில ரெண்டாவது தபா உக்காந்து பாயசம் கேட்டாரு.”

அவர்கள் முழிப்பார்கள். அப்புறம் பில்லை கதையைச் சொல்வேன். அந்தக் காலத்தில் சுரங்கத்தில் ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட ஒரு பித்தளைப் பில்லை உண்டு. அதை டைம் ஆபீசில் கொடுத்தால்தான் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போகலாம். ஆபீசுக்கு ஆள் முகம் தெரியாது, பில்லைதான் ஆள். ஒருவனால் வர முடியாவிட்டால் கூட்டாளி அவன் பில்லையை எடுத்துக்கொண்டு அவன் பெயரில் இறங்குவான். அதற்குப் பெயர் பத்லி. பிடிபட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும், லைன் வீடும் போகும். ஆனாலும் லைனில் அதைச் செய்யாத ஆள் இல்லை.

“எங்க தாத்தா மொத நாள் ஊத்திகினு ஒரேடியா சாஞ்சிட்டாரு. கூட்டாளி ஒருத்தன் தாத்தா பில்லைய எடுத்துகினு போயிட்டான். அன்னிக்கின்னு பாத்து வெள்ளக்காரன் வந்து நம்பர வச்சி ஆள் எடுத்தான். பில்லை கப்பல் ஏறிடுச்சி, பெருமாளு குறட்ட வுட்டுகினு கீறாரு! அப்புறம் தந்தி வந்துச்சி, பெருமாளு செத்துட்டாருன்னு. ஆபீசருங்க துக்கம் விசாரிக்க வூட்டுக்கு வந்தாங்க. எங்க பாட்டி பொட்ட அழிச்சிகினு ஓன்னு அழுவுது. தாத்தா கட்டிலுக்கு அடியில தும்மல அடக்கிகினு படுத்துகினு கீறாரு. ஆபீசருங்க அந்தாண்ட போனதும் பாட்டி பொட்ட வச்சிகினு, ‘எழுந்து வாய்யா பொணமே, கஞ்சி ஆறுது’ன்னுச்சி.”

அவ்வளவுதான். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். சிரித்தபடியே வண்டி ஏறுவார்கள். பத்து வருஷத்துக்கு மேல் இதைச் சொன்னேன். பொய் ஒன்றும் இல்லை, நடந்ததுதான். என் தாத்தாவே என் கல்யாணத்தன்று மப்பில் சொன்னது. அதில் அந்தக் கூட்டாளிக்கு ஒரே ஒரு வேலை, பில்லையை எடுத்துக்கொண்டு போவது. போன பிறகு அவர் என்ன ஆனார் என்று வந்தவர்களும் கேட்டதில்லை, நானும் திரும்பிப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் நான் நின்று சொல்வது அவர் சாவுக்கு வைத்த கல்லின் முன்னால்.

ஏழெட்டு வருஷம் முன்னால் ஒரு காலை நேரம். குடியாத்தத்திலிருந்து ஒரு பெரியவரும் அவர் மகளும் வந்தார்கள். அவர் பெயர் ஏழுமலை. எழுபத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான ஆள், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். மகள் கலா, டீச்சர். அந்த அம்மாதான் போன் செய்து வண்டி பேசியது.

பெரியவர் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதிலிருந்து நான் ஆறு ஜோக் சொன்னேன். ஒன்றுக்கும் உதடு அசையவில்லை. என் வீட்டுக்காரிகூட மூன்றாவது ஜோக்குக்கு “போதும் நிறுத்து” என்றாவது சொல்வாள். இவர் அதுவும் சொல்லவில்லை.

பின்னாலிருந்து கலா டீச்சர்தான் சமாதானம் சொன்னார்: “தப்பா நினைக்காதீங்க அண்ணா. எங்க தாத்தா இங்கதான் வேலை செஞ்சாராம். அப்பா அவரைப் பாத்ததே இல்ல. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போலாம்பான்னு பத்து வருஷமா கூப்பிடுறேன், இப்பதான் கிளம்பினாரு.”

பாத்ததே இல்லை என்றால் சின்ன வயதிலேயே செத்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். மேற்கொண்டு கேட்கவில்லை. அது என் முதல் தப்பு. வண்டியில் ஏறுகிறவர்கள் யாரைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள். பேர், ஊர், யாரைப் பார்க்க வந்தீர்கள், இந்த மூன்றையும் கேட்க அரை நிமிஷம் ஆகாது.

ஷாஃப்ட் அருகில் இறங்கியபோது பெரியவர் முதல் முறையாகப் பேசினார்.

“தம்பி, ஷிப்ட் முடிஞ்சி வரவங்க இந்த வாசல் வழியாத்தான் வெளிய வருவாங்களா?”

“ஆமாங்க ஐயா.”

“வேற வழி கெடையாதா?”

“மேல கெடையாது. கீழ கீது. பூமிக்குள்ள ஒண்ணுக்கொண்ணு வழி போகும். இங்க எறங்கினவன் அந்தாண்ட ஷாஃப்ட்ல ஏறி வந்து, நேரா சாராயக் கடைக்குப் போயிடுவான். பொண்டாட்டி இங்கியே நின்னுகினு இருப்பா!”

நான் சிரித்தேன். அவர் அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு இரும்பு கேட்டை அவ்வளவு நேரம் பார்த்த ஆளை நான் கண்டதில்லை.

மதியம் போர்க்கல்லுக்கு வந்தோம். எனக்குள் ஒரு ரோஷம். இந்த மனிதரைச் சிரிக்க வைக்காமல் குடியாத்தத்துக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன். துண்டு, கண், பாயசம், கட்டில், கஞ்சி, எல்லாவற்றையும் போட்டேன். அன்றைக்கு மாதிரி நான் என்றும் சொன்னதில்லை. கலா டீச்சர் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தார்.

பெரியவர் மட்டும் கேட்டார்: “அந்தப் பத்லிக்குப் போனவரு பேரு இன்னா?”

அத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. யோசிக்காமல் சொன்னேன்.

“கோவிந்தன்னு சொல்லுவாங்க. குடியாத்தம் பக்கத்து ஆளு.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதுக்கே அது கேட்டது. குடியாத்தம். கலா டீச்சர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, அதை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி.

“அப்பா,” என்றார்.

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் ஒரு மனிதன் முதலில் எதைச் செய்வானோ அதைத்தான் செய்தேன்.

“ஐயா, அது சும்மா தமாசுக்குக் கட்டின கதைங்க. ஜனங்க சிரிக்கட்டும்னு சொல்றது. கோவிந்தன்னு ஊருல எத்தினி பேரு கீறாங்க!”

பெரியவர் கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டார்.

“உங்க நைனா பேரு இன்னா?”

“முனிரத்னம்.”

“பேருக்கு முன்னால எழுத்து?”

“கோ. கோ. முனிரத்னம்.”

“உங்க தாத்தா பேரு பெருமாள்னா, நைனாவுக்கு கோ எப்பிடி வந்துச்சி?”

கட்டின கதை என்று நான் சொன்னது அதோடு உடைந்தது. அந்தப் பில்லை கப்பலேறிய நாளிலிருந்து ரிட்டையர் ஆகும்வரை என் தாத்தா வேலை செய்தது கோவிந்தன் பில்லையில். ரெஜிஸ்டரில் பெருமாள் செத்தாயிற்று, கோவிந்தன் உயிரோடு இருக்கிறார். என் அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது கோவிந்தன் மகனாகத்தான். லைனில் எல்லாருக்கும் தெரியும், எவரும் வாய் திறக்கவில்லை. வெளியே சொன்னால் எத்தனை வீட்டுப் பத்லி வெளிவரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பெரியவர் கல்லைச் சுற்றியிருந்த சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல், எதிரில் இருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“எங்கம்மா ஊரோட இருந்துச்சி. நைனா மாசத்துக்கு ரெண்டு தபா இங்கேர்ந்து வந்துட்டுப் போவாராம். நான் வயித்துல கீறப்போ வரது நின்னுப்போச்சி. நான் பொறந்து நாலு மாசத்துல அம்மா என்னத் தூக்கிகினு இங்க வந்துச்சி. டைம் ஆபீசுல கேட்டா, ‘கோவிந்தனா, கீழ கீறான், ஷிப்ட் முடிஞ்சா வருவான்’னாங்களாம். காத்துகினு இருந்துச்சி. வரல. மறுநாளும் நின்னுச்சி. வரல. லைன்ல இருந்து ஒரு பொம்பள வந்து சொன்னாங்களாம், ‘அந்த ஆளுக்கு இங்க பொண்டாட்டி புள்ளைங்க கீறாங்க, நீ ஊரு போய்ச் சேரும்மா’ன்னு.”

கலா டீச்சர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அம்மா சாகற வரைக்கும் பொட்டு வச்சிகினு, பூ வச்சிகினு இருந்துச்சி. எங்கியோ உசுரோட கீறாரு இல்ல, அதான். ஊரே சிரிக்கும். என்ன ஓடிப்போனவன் புள்ளன்னுதான் கூப்புடுவாங்க. நானும் எழுபத்தஞ்சி வருசமா அந்த ஆளத் திட்டிகினு கீறேன் தம்பி. காலைல வண்டில வரப்போகூட மனசுக்குள்ள திட்டிகினுதான் வந்தேன்.”

என் பாட்டி பொட்டை அழித்துக்கொண்டு, ஆபீசர் போனதும் வைத்துக்கொண்டதைத்தான் நான் ஐந்து நிமிஷம் முன்னால் நடித்துக் காட்டியிருந்தேன். என் ஜோக்கிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

அப்போது அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“எங்கம்மா வாசல்ல நின்னப்போ உங்க தாத்தா எங்க இருந்தாரு?”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு கேள்வி வரும். எனக்கு விடை தெரியும். என் கல்யாணத்தன்று தாத்தா சொன்னதில் முதல் பாதிதான் சிரிப்பு. இரண்டாம் பாதியில் அவர் அழுதார். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார். புது மாப்பிள்ளையாக மாலையோடு நின்று கேட்டவன் நான். அந்தப் பாதியை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அதற்குச் சிரிப்பு வராது.

தெரியாது என்று சொல்லிவிடலாம். அவர் நம்பியும் இருப்பார். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் அந்த இரும்பு கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

“டைம் ஆபீஸ் பின்னாலேர்ந்து பாத்தாராம் ஐயா. கைக்கொழந்தையோட நிக்கறாங்கன்னு. திரும்பிக் கீழ எறங்கி, வேற ஷாஃப்ட் வழியா மேல வந்துட்டாரு. மறுநாளும் அப்பிடியே. அப்போ தந்தி வந்து ஒரு மாசம் ஆயிருந்துச்சி. உங்க நைனா இல்லன்னு தாத்தாவுக்குத் தெரியும். கொழந்த அழுதது கேட்டுச்சின்னு சொன்னாரு.”

“கேட்டுட்டுப் போனாரா?” கலா டீச்சர் எழுந்துவிட்டார். “கைக்குழந்தை அழுறதைக் கேட்டுட்டு அந்தப் பக்கமா ஏறிப் போனாரா? மனுஷனா அவரு?”

“இல்லம்மா,” என்றேன்.

தாத்தாவுக்காக ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. சொன்னால் வேலை போயிருக்கும், வீடு போயிருக்கும், இரண்டு குழந்தைகள் இருந்தன, பயம், அந்தக் காலம் அப்படி. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அந்த உண்மை யாருக்கு உபயோகம்? எனக்குத்தான். அதனால் மூடிக்கொண்டேன். நான் வாயை மூடி வேலை செய்த ஒரே நாள் அதுதான்.

பெரியவர் மகளைக் கையமர்த்தினார். அவருக்கு என் தாத்தாமேல் இருந்த கோபத்தைவிடப் பெரியதாக ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

“என்னப் பத்தி அவருக்குத் தெரியுமா?”

“தெரியும் ஐயா.”

“எப்பிடிச் சொல்ற?”

“ஆள் எடுத்த மறுநாள், லாரி வந்த அன்னிக்கிக் காலைல தாத்தா சொன்னாராம், ‘நானே போறேன், ஆபீசுல உண்மையச் சொல்லிடறேன்’னு. உங்க நைனா வுடல. ‘உனக்கு ரெண்டு புள்ளைங்க இங்க கீது. எனக்கு ஒண்ணு வயித்துல கீது, அவ அவங்கம்மா வூட்டுல பத்திரமா கீறா. ஆறு மாசம்தானே. அது தவழறதுக்குள்ள வந்துடுவேன். என் பில்லைல நீ எறங்கிகினு இரு, என் வேல போயிடக்கூடாது’ன்னாராம். ஊருக்குப் போயிட்டு வர நேரமில்ல. ‘நீ போயி அவகிட்ட சொல்லிடு’ன்னு சொல்லிட்டு லாரி ஏறினாராம்.”

“உங்க தாத்தா வரலியே.”

“வரல ஐயா.”

அவர் மண்ணைப் பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சின்னக் குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார்.

“ஆம்பளப் புள்ளயா இருந்தா இன்னா பேரு வைக்கணும்னு எதுனா சொன்னாரா?”

இந்த வேலையில் நமக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவருக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்துவிடுவது. ராணி வந்தாங்களா என்று கேட்டால் வந்தாங்க என்போம். தங்கக் கட்டியைப் பார்த்தீர்களா என்று கேட்டால் தலையணையாக வைத்துப் படுத்தேன் என்போம். ‘ஏழுமலைன்னு வைக்கச் சொன்னாரு’ என்று ஒரு வார்த்தை போதும். அந்த மனிதர் அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டியிருப்பார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் அது ஒன்று பொய்யானால், தவழ்வதற்குள் வந்துவிடுவேன் என்று சொன்னதும் சந்தேகமாகிவிடும். ஏற்கனவே ஒருமுறை கட்டுக்கதை என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

“தெரியாதுங்க ஐயா. தாத்தா அத ஒண்ணியும் சொல்லல.”

“சரி,” என்றார். “எப்பிடிச் செத்தாரு?”

“மலை சரிஞ்சி வுழுந்துச்சின்னு தந்தி. எந்த மலைன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது.”

அவர் எழுந்து சட்டையைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். “தெக்கு எது?” என்று கேட்டார். காட்டினேன். வண்டியிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துவரச் சொன்னார். ஐயர் இல்லை, எள் இல்லை, தர்ப்பை இல்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கட்டிவந்த டப்பாவைக் கலா டீச்சர் திறந்தார், தயிர்ச்சோறு. பெரியவர் ஒரு பிடி எடுத்துக் கல்லின் காலடியில் வைத்தார். மற்றவர்கள் அப்பாவுக்குத் திதி கொடுக்கும் நாளெல்லாம் அவர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பாராம். அந்த மந்திரம் எதுவும் அவருக்குத் தெரியாது. பெயரை மட்டும் சொல்லித் தண்ணீர் விட்டார். முதல் தடவை சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை “கோவிந்தன்” என்று வந்தது. மூன்றாம் தடவை “நைனா” என்று வந்தது. ஒரு முறைகூடச் சொல்லிப் பார்த்திராத வார்த்தை அது, அவருக்கே அது புதிதாக இருந்தது.

நான் வேலிக்கு வெளியே நழுவப் பார்த்தேன். விடவில்லை.

“எங்க போற? நீயும் வா.”

“நான் எதுக்குங்க ஐயா...”

“எங்க நைனா பேர வச்சிகினு உங்க வூட்டுல சோறு துன்னீங்க இல்ல? உங்க நைனா பேருக்கு முன்னால அவரு எழுத்துதான கீது? நீயும் பேரன்தான். ஊத்து.”

பாட்டிலை வாங்கி ஊற்றினேன். என் சொந்தத் தாத்தாவுக்கு நான் ஒரு நாளும் இப்படி ஊற்றியதில்லை. ஜோக் அடித்துக்கொண்டு ஊற்றியிருக்கிறேன். காக்கை ஒன்று கம்பியில் வந்து உட்கார்ந்தது. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் இரண்டு ஜோக் இருந்தது. சொல்லவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன். கலா டீச்சர் என் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப்போனார். பெரியவர் மட்டும் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உங்க தாத்தாவ நான் மன்னிக்கல, தம்பி.”

“சரிங்க ஐயா.”

“மன்னிக்கச் சொல்லி நீ கேக்கல பாரு, அது நல்லதாப் போச்சி.” கதவைச் சாத்தினார். “எங்கம்மாவுக்குத் தெரியாமப் போச்சேன்னுதான் கீது. வேற ஒண்ணுமில்ல.”

ஆறு மாதம் கழித்துக் கலா டீச்சர் ஒரு முறை போன் செய்தார். கோபம் தீர்ந்தது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாட்டி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரேம் மாட்டியிருக்கிறார்களாம். தாத்தாவுக்குப் படம் கிடையாது. அதனால் வெள்ளைக் காகிதத்தில் பெயரை மட்டும் எழுதி, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாராம் அப்பா. தினமும் காலையில் அதன் முன்னால் நிற்கிறாராம். “இப்பெல்லாம் யாரையும் திட்டுறதில்ல அண்ணா,” என்றார். “திட்ட ஆள் இல்லாம ரொம்ப அமைதியாயிட்டாரு. அதுவே எங்களுக்குக் கஷ்டமா இருக்கு.”

அந்தக் கல்லில் பெயரை மாற்ற நான் அலைந்தேன். இங்கே கேட்டால் கோலாருக்குப் போ என்றார்கள். கோலாரில் கேட்டால் இங்கேயே கேள் என்றார்கள். ஒருவர் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “காகிதப்படி கோவிந்தன் ரிட்டையர் ஆகி, வயசாகிச் செத்திருக்காரேய்யா” என்றார். அது சரிதான். அந்தக் கோவிந்தனைத் தூக்கிப்போன நாலு பேரில் ஒருவன் நான். காகிதத்தோடு சண்டை போட என் மூன்றாம் வகுப்பு போதவில்லை.

ஜோக் அடிக்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சயனைட் மலையில் அடியுங்கள், வெள்ளைக்காரர்கள் கட்டிய கிளப் வாசலில் அடியுங்கள். என்னைப் பற்றிக்கூட அடியுங்கள், நிறைய இருக்கிறது. ஆனால் செத்தவர்கள் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு கதை ரொம்பச் சிரிப்பாக இருந்தால், அதில் யாரோ ஒருவருக்குப் பெயர் இல்லாமல் இருக்கும். முதலில் அந்தப் பெயரைக் கண்டுபிடியுங்கள்.

அதனால் நீங்கள் கேட்டதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெயரையும் படித்துக்கொண்டு வரும்போது ஏழாவதில் நில்லுங்கள். “இங்க பெருமாள்னு கீது. செத்தது பெருமாள் இல்ல. கோவிந்தன். குடியாத்தத்துக்காரரு. புள்ள தவழறதுக்குள்ள வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனாரு” என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும், வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

அப்படியானால் பெருமாள் யார் என்று யாராவது கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். தயங்காமல் என் தாத்தா என்று சொல்லுங்கள்.